மழைத்தண்ணி இறைக்க சப்மெர்சிபிள் பம்ப் வாங்கணும், எத எடுக்கலாம்? (கொட்டாஞ்சேனை)

கீழ்வீட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில, 6 பேர்ச் காணி, பழைய வீடு. ரோட்டுக்கு காபட் போட்டு போட்டு உயத்திட்டாங்க, இப்ப வீட்டு வாசல் ரோட்டை விட ஒன்றரை அடி பள்ளம். பின்னேரம் மழை கொஞ்சம் பலமா அடிச்சா முத்தத்துல தண்ணி நின்னு கராஜுக்குள்ள வந்துரும், இன்னும் ஒரு அரை மணி நேரம் பெஞ்சா முன் ஹோல் படி வரைக்கும். தண்ணின்னா நல்ல தண்ணி இல்ல, மண்ணு, மாவிலை, எங்கிருந்தோ மிதந்து வர்ற சிலிசிலி பேக் (மெல்லிய பிளாஸ்டிக் பை), லன்ச் ஷீட் எல்லாம் இருக்கும். முத்தத்து மூலையில ஒரு அடிக்கு ஒரு அடி குழி ஒன்னு இருக்கு, தண்ணி அங்கதான் போய் சேரும். அங்கிருந்து மதிலுக்கு மேலால எடுத்து ரோட்டு காணுக்கு (வடிகாலுக்கு) விடணும், உயரம் 5 அடி வரும், ஹோஸ் தூரம் 60 அடி.

பழைய சோனகத் தெருவுல கடை ஏறி இறங்கி விசாரிச்சேன். ஒரு கடையில பிளாஸ்டிக் உடம்புள்ள 400 வொட் பம்ப் ஒன்னு காட்டினாங்க, பெட்டியில மணிக்கு 7,500 லீட்டர், 5 மீட்டர்னு போட்டிருக்கு. இன்னொரு கடையில வார்ப்பிரும்பு 750 வொட், 2 இன்ச் வாய், 13,000 லீட்டர், 8 மீட்டர். மூணாவது கடைக்காரர் பளபளன்னு ஸ்டெயின்லெஸ் ஒன்ன எடுத்து வச்சி இது 30 மீட்டர் தள்ளும் மிஸ், இதான் பவர், மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்ங்கிறார், ஆனா அதுக்கு வாய் 1 இன்ச்தான். அப்பா சொல்றார் எதுக்கு காசக் கரியாக்குற, பின்னால பழைய ஜினசேன கம்பனி தண்ணி மோட்டர் ஒன்னு சும்மாதானே கிடக்கு அதப் பூட்டுன்னு. எனக்கு ஒன்னும் புரியல. வீட்டுல இருக்கிற பூக்கண்டுக்கு தண்ணி அடிக்கிற ஹோஸ்லயே விடலாமா? கரண்ட் போனா என்ன செய்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_வந்தவன் (வெள்ளவத்தை):

தங்கச்சி, அந்த 30 மீட்டர் சாமானை முதல் மறந்திடுங்கோ. அது ஆழக் கிணத்தில இருந்து மேல் மாடித் தாங்கிக்கு நல்ல தண்ணி ஏத்துறதுக்கு. உயரம் கூடத் தள்ளுற பம்ப் தண்ணி கொஞ்சமாத்தான் தள்ளும், உங்களுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர், உயரம் 5 அடிதான், ஆனா தண்ணி கனக்க போகோணும்.

அடுத்தது அந்தப் பெட்டி நம்பர். 7,500 லீட்டர், 5 மீட்டர் எண்டு போட்டா 5 மீட்டர் உயரத்துக்கு 7,500 லீட்டர் ஏத்தும் எண்டு எல்லாரும் நினைக்கினம். அப்பிடியில்ல. 7,500 எண்டது ஹோஸே இல்லாமல், உயரமே இல்லாமல் ஓடேக்க வாறது. 5 மீட்டர் எண்டது தண்ணி மேல ஏறி அப்பிடியே நிண்டிடும், ஒரு சொட்டும் வெளியால வராத உயரம். இரண்டுக்கும் நடுவில எங்கயோதான் உங்கட வீடு இருக்கு. பெட்டிக்குள்ள வாற புத்தகத்தில ஒரு வளைகோடு போட்டிருக்கும், அதில உங்கட உயரத்துக்கு நேர என்ன லீட்டர் எண்டு பாக்கோணும். அந்தக் கோடு காட்ட ஏலாத கடையில வாங்காதேங்கோ.

இனி உங்களுக்கு எவ்வளவு வேணும் எண்டு ஒருக்கா கணக்குப் போட்டுப் பாப்பம். ஒரு சதுர மீட்டரில 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லீட்டர் தண்ணி. 1 பேர்ச் 25 சதுர மீட்டருக்குச் சொச்சம், அப்ப 6 பேர்ச் 150. கூரைத் தண்ணியும் முத்தத்துக்குத்தானே வருது, முழுக் காணியையும் கணக்கில எடுங்கோ. கொழும்பில ஒக்டோபர் நவம்பர் பின்னேர இடிமழை மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீட்டர் அடிக்கிறது பெரிய அதிசயமில்லை. 150 தர 50, 7,500 லீட்டர். ரோட்டில இருந்து உள்ளுக்கு வாறது வேற. அதாவது அந்த 400 வொட் பம்ப் உயரமே இல்லாமல் ஓடினாக்கூட மழையோட சரிக்குச் சரிதான் நிக்கும், 5 அடி ஏத்தேக்க கட்டாயம் பின்னுக்குத்தான். அதால 750ஐ எடுங்கோ.

பூக்கண்டு ஹோஸை அதில பூட்டினா காசைக் காணுக்குள்ள போட்டமாதிரி. ஏன் எண்டா மணிக்கு 9,000 லீட்டர் 60 அடி ஹோஸுக்குள்ளால போகேக்க உரசல்ல போற உயரம் 2 இன்ச் ஹோஸ் எண்டா 1 மீட்டருக்கும் குறைவு, ஒன்றரை இன்ச் எண்டா இரண்டரை மீட்டர் அளவு, 1 இன்ச் எண்டா கிட்டத்தட்ட 20 மீட்டர். 8 மீட்டர் பம்ப் 20 மீட்டரை எப்பிடித் தள்ளும்? தள்ளாது, தண்ணிதான் குறையும், ஒழுகிற மாதிரி வரும், பிறகு பம்ப் சரியில்லை எண்டு கடைக்காரனோட சண்டை. விட்டம் பாதியானா அதே தண்ணிக்கு உரசல் 30 மடங்குக்கு மேல. பம்ப் வாய் 2 இன்ச் எண்டா ஹோஸும் கடைசி மட்டும் 2 இன்ச், சப்பையா சுருட்டி வைக்கிற கன்வஸ் மாதிரி ஹோஸ் இருக்கு, அதை எடுங்கோ, மதிலில மடங்காமல் ஒரு பி.வி.சி. எல்போ வச்சுத் திருப்புங்கோ.

அப்பாவின்ர ஜினசேனவைப் பற்றிக் குறை சொல்லேல்லை, எங்கட ஊர்ப்பக்கம் அரைவாசித் தோட்டம் அதிலதான் பிழைச்சது. ஆனா அது தரையில இருந்து உறிஞ்சிற மோட்டர், நல்ல தண்ணிக்குச் செய்தது. ஒவ்வொருக்காவும் தண்ணி ஊத்தி எழுப்போணும், மாவிலை ஒண்டு புட்வால்வில, உறிஞ்சிற குழாயின்ர அடி வால்வில, ஒட்டினா காத்து இழுத்துப் படுத்திடும். நடுச்சாம மழையில குடை பிடிச்சுக்கொண்டு ஆர் தண்ணி ஊத்துறது?

கீழ்வீட்டுக்காரி:

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொல்லல. அந்த 750லயே "டர்ட்டி வோட்டர்"னு போட்டது ஒன்னும் போடாதது ஒன்னும் இருக்கு, என்ன வித்தியாசம்? அப்புறம் வயரோட தொங்குற உருண்டை, அது வேணுமா வேணாமா?

வெல்லம்பிட்டி_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தங்கச்சி, பம்ப தலைகீழா கவுத்தி அடியில பாருங்க. நல்ல தண்ணி பம்புக்கு அடிச் சல்லடை பொடி ஓட்டையா இருக்கும், 5 மில்லிமீட்டர் போல, அதுக்குள்ள மண்ணு கொஞ்சம் போகும் இலை போகாது. அழுக்குத்தண்ணி பம்புக்கு அடியில கால் வச்சி தூக்கி இருக்கும், விரல் போற எடவெளி. லேபல்ல 25, 30, 35 மில்லிமீட்டர்னு எழுதி இருக்கும், அவ்வளவு சைஸ் கட்டி உள்ள போய் வெளிய வரும்னு அர்த்தம். ஆனா ஒன்னு, 35னு போட்டிருக்கேன்னு சிலிசிலி பேக்க விடாதீங்க. கல்லு போகும், துணி, கயிறு, தலமுடி, பேக் இதெல்லாம் போகாது, விசிறியில சுத்திக்கும். மோட்டர் உம்முனு சத்தம் போட்டு நிக்கும்.

நாங்க செய்றது என்னன்னா பழைய பெயின்ட் வாளி பெருசு ஒன்னு எடுத்து, பக்கமெல்லாம் ஓட்ட போட்டு, உள்ள ஒரு செங்கல்ல வச்சி, அதுக்கு மேல பம்ப வச்சி வாளியோட குழிக்குள்ள எறக்குறது. வெளியால நுளம்பு வலை இல்ல, கொஞ்சம் பெரிய கண்ணு வலை சுத்தணும், நுளம்பு வலை ரெண்டு நிமிஷத்துல சேத்துல அடச்சிரும். அப்பப்ப வாளிய சுத்தி ஒட்டின பேக்க ஒரு கம்பால இழுத்து விட்டா போதும். ஒங்க குழி ஒரு அடின்னு சொன்னீங்க, அது சின்னது. மேசன் பாஸ் ஒருத்தர கூப்பிட்டு ஒன்றரை ரெண்டு அடியாக்கி ஆழமும் ஆக்குங்க, பம்ப விட முக்கியம் அது. நீங்க கேட்ட உருண்டை தண்ணியோட மிதந்து பம்ப தானா ஓன் ஓஃப் பண்றது, ஒரு அடி குழிக்குள்ள அது ஆடறதுக்கு எடம் இல்ல, செவத்துல மாட்டிக்கும், தண்ணி வந்தும் ஓன் ஆகாது, இல்லாட்டி தண்ணி முடிஞ்சும் ஓஃப் ஆகாது. தண்ணி இல்லாம ஓடினா சீல் கருகிப் போயிரும், தண்ணியிலதான் அது குளிருது.

உருண்டை வேணுமான்னா, வீட்ல ஆள் இல்லாத நேரம் மழை பெய்யும்னா வேணும். கூட நிக்கிறதா இருந்தா உருண்டைய மேல தூக்கி கட்டி கையால ஓட்டலாம், அப்ப கடைசித் தண்ணியையும் எடுக்கலாம், ஆனா கண்ண எடுக்கப்படாது. எப்பிடி ஓட்டினாலும் அழுக்குத்தண்ணி பம்ப் ரெண்டு இன்ச் போல தண்ணிய மிச்சம் வைக்கும், கால் உசரம் அவ்வளவு. அத விளக்குமாறால குழிப்பக்கம் தள்ளணும், அதுக்காக இன்னொரு பம்ப் வாங்காதீங்க.

எறக்கும்போது வயர புடிச்சி எறக்கினா வயர் போற எடத்தால தண்ணி உள்ள போயிரும், கைபிடியில நைலோன் கயிறு கட்டி எறக்குங்க. கொஞ்சம் சரிச்சி எறக்கினா உள்ள இருக்குற காத்து புளுபுளுன்னு வெளிய வரும். நேரா போட்டா சில நேரம் காத்து அடச்சிக்கிட்டு மோட்டர் சுத்தும் தண்ணி வராது, பழுதுன்னு நெனச்சிருவீங்க.

பாஸ்_எலக்ட்ரிக்:

எல்லாரும் தண்ணியப் பத்தி எழுதுறீங்க, கரண்டப் பத்தி ஒருத்தரும் எழுதல. பழைய வீடுன்னு சொல்றாங்க. போர்ட்ல ட்ரிப் சுவிட்ச், கரண்ட் கசிஞ்சா தானா விழுறது, இருக்கா முதல்ல பாருங்க அக்கா, 30 மில்லி அம்பியர்னு எழுதி இருக்கணும், அதுல டெஸ்ட் பட்டன் ஒன்னு இருக்கும் அழுத்தினா டக்னு விழணும். விழலன்னா பம்ப் வாங்குற காசுல முதல்ல அத மாத்துங்க. எர்த் கம்பி நிலத்துல அடிச்சிருக்கான்னும் பாருங்க, பழைய வீடுகள்ல மூணு ஓட்டை பிளக் பேஸ் இருக்கும் பின்னால எர்த் வயர் இருக்காது.

பிளக் பேஸ் இடுப்புக்கு மேல இருக்கணும், கராஜ்ல தரையோட இருக்குற பேஸ்ல போடவே போடாதீங்க. பம்ப் வயர் பத்தலன்னு நடுவுல வெட்டி டேப் சுத்தி தண்ணிக்குள்ள போடுறது கொலை. 10 மீட்டர் வயரோட வர்ற பம்பா கேட்டு வாங்குங்க. எக்ஸ்டென்ஷன் ரோல் பாவிக்கிறதா இருந்தா முழுக்க அவுத்து விரிச்சிட்டு பாவிங்க, சுருட்டின படி ஓட்டினா சூடாகி உருகும், மூட்டு மழை படாத உயரத்துல. பம்ப் ஓடும்போது தண்ணிக்குள்ள கால வைக்காதீங்க, குப்பை எடுக்கணும்னா பிளக்க கழட்டிட்டு எடுங்க, சுவிட்ச ஓஃப் பண்றது பத்தாது. தண்ணி வீட்டுக்குள்ள பிளக் பேஸ் கிட்ட வந்திட்டா பம்ப மறந்துட்டு மெயின்ன விழுத்துங்க, மெயின் கிட்டயே தண்ணியில நடந்துதான் போகணும்னா போகாதீங்க.

கரண்ட் போனா ஜெனரேட்டர். லேபல்ல பி1, பி2ன்னு ரெண்டு வொட் இருக்கும், பி1தான் கரண்ட் இழுக்குறது, பி2 மோட்டர் தண்டுல வர்ற சக்தி. 750 பி2ன்னா இழுக்குறது 1,000க்கு மேல போகும். எழும்பும்போது அதுல ரெண்டு மூணு மடங்கு இழுக்கும், அதனால சின்ன 1 கேவிஏ ஜெனரேட்டர் திணறி நிக்கும், 3 கேவிஏ பக்கம் பாருங்க. லேபல்லயே எஸ்1, எஸ்3ன்னும் பாருங்க. எஸ்1 நிறுத்தாம ஓடலாம். எஸ்3 விட்டு விட்டு ஓடணும், பக்கத்துல எத்தனை வீதம்னு போட்டிருப்பான்.

மோதர_பொடியன்:

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, பெற்றோல் பம்ப் 2 இன்ச் ஒன்னு வாங்கிப் போட்டா கரண்டும் வேணாம் ட்ரிப்பும் வேணாம். கயிற இழுத்தா ஸ்டார்ட். எங்க லேன்ல எல்லாரும் காசு போட்டு ஒன்னு வாங்கி வச்சிருக்கோம், மழைக்கு மழை வீடு வீடா போகும்.

பாஸ்_எலக்ட்ரிக்:

லேனுக்கு ஒன்னுன்னா நல்ல யோசனைதான் தம்பி, ஆனா கராஜுக்குள்ள மழைக்கு ஒதுங்கி வச்சி ஓட்டுவாங்க பாருங்க அதுதான் பயம். புகையில வர்ற கார்பன் மொனொக்சைட் மணக்காது, தலைசுத்துறதுக்குள்ள ஆள் விழுந்திருவான். ஜெனரேட்டருக்கும் அதேதான். கதவத் திறந்து வச்சாலும் உள்ள வேணாம், வெளிய, ஜன்னலுக்கு தூரமா வைக்கணும். கிணத்துக்குள்ள எறக்கி ஓட்டுறத நினைக்கவே கூடாது. அப்புறம் அதுவும் உறிஞ்சுற பம்ப்தான், தண்ணி ஊத்தணும், குழியில தண்ணி குறைஞ்சா காத்து இழுக்கும். குப்பைத் தண்ணிக்குன்னே தனியா பெற்றோல் பம்ப் இருக்கு, சாதாரணத்த வாங்கினா இலைக்கே நிக்கும்.

வெல்லம்பிட்டி_நானா:

இன்னொரு விசயம் யாரும் சொல்லல. தண்ணிய எங்க விடப் போறீங்க? ரோட்டு காணுன்னு சொல்றீங்க, மழை நேரத்துல அந்தக் காண் நெறம்பி இருந்தா நீங்க இறைக்கிற தண்ணி ரோட்டால சுத்தி திரும்ப ஒங்க கேட்டாலதான் வரும், பம்ப் விடிய விடிய அதே தண்ணிய சுத்த விட்டுக்கிட்டு இருக்கும். அதால முதல்ல கேட்டுக்குக் குறுக்கால ஒரு திட்டு கட்டுங்க, கார் ஏறிப் போற மாதிரி சரிவா, அரை அடி இருந்தாலே பெரிய ஒதவி. அதுவும் முடியாட்டி மண் மூட்டை. ஹோஸ் நுனிய காண் தண்ணிக்குள்ள முக்கி வைக்காதீங்க, கரண்ட் போனதும் காண் தண்ணி அதே ஹோஸால திரும்ப உள்ள எறங்கும். நுனி தண்ணிக்கு மேல தொங்கணும், இல்லாட்டி தண்ணி திரும்பி வராம தடுக்குற நொன்-ரிட்டேர்ன் வால்வ் ஒன்னு போடுங்க. பக்கத்து வீட்டு வாசல்ல நுனிய வச்சிட்டு வந்திராதீங்க, எங்க ஏரியாவுல பாதி சண்ட அதாலதான். கக்கூஸ் மேன்ஹோல்லயும் விடப்படாது, மழைத்தண்ணி அதுக்குள்ள போனா கீழ இருக்குற வீட்டு கக்கூஸால மேல வரும்.

இதெல்லாம் மழைத்தண்ணிக்குத்தான். களனி கங்கை நெறம்பி வந்தா பம்ப எடுத்து மேல் மாடியில வச்சிருங்க. 2016 மே மாசமும், 2025 நவம்பர் கடசியில டித்வா புயல் நேரமும் எங்க பக்கம் பாத்தது தானே, கங்கையே வந்து வீட்டுக்குள்ள நிக்கும்போது எத எங்க இறைக்கிறது. கங்கைத் தண்ணி மட்டம் அளக்குற நாகலகம் வீதி அளவுகோல்ல 5 அடின்னா சின்ன வெள்ளம், 7 அடின்னா பெரிய வெள்ளம், அந்த நம்பர நியூஸ்ல பாத்துக்கிட்டே இருங்க, 5 தாண்டினா நாங்க இறைக்கிறத விட்டுட்டு சாமான் தூக்க ஆரம்பிச்சிருவோம். தண்ணி வத்தின பொறகுதான் பம்புக்கு வேல.

கீழ்வீட்டுக்காரி:

டித்வா நேரம் எங்களுக்கு முழங்கால் வரைக்கும்தான் நானா, உங்க பக்கம் பட்டது பாத்தோம். கேட்டுல திட்டு கட்டுறது நல்ல ஐடியா, அப்பாவும் அதுக்கு சரின்னுட்டார். கடைசியா ஒன்னு, முத்தத்துக்கு அடியில நிலத்தடித் தாங்கி ஒன்னு இருக்கு, பிளாஸ்டிக், போன முறை வெள்ளத் தண்ணி உள்ள போயிட்டுது. இனிமே அப்படி ஆனா இதே பம்ப போட்டு உடனே முழுக்க இறைச்சிடலாமா? இந்த பம்ப வருஷம் பூரா எப்படி வச்சிக்கிறது?

சும்மா_வந்தவன் (வெள்ளவத்தை):

உடன இறைக்காதேங்கோ. சுத்திவர நிலம் ஊறிப்போய் இருக்கேக்க பிளாஸ்டிக் தாங்கியை வெறுமையாக்கினா நிலத்தடித் தண்ணி அதை மேல தள்ளும், குழாயெல்லாம் முறிச்சுக்கொண்டு கிளம்பும், இல்லாட்டி பக்கம் உள்ளுக்கு நசியும். கிணறு எண்டாலும் உதேதான், வெளியால தண்ணி நிக்கேக்க கிணத்தை ஒரேயடியா இறைச்சா சுவர் இடிஞ்சு விழலாம். ஒரு சில நாள் விட்டு நிலம் இழுத்தாப்பிறகு கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு, தேய்ச்சுக் கழுவி, பி.எச்.ஐ. மாரிட்ட, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரிட்டக் கேட்டு குளோரின் போட்டுத்தான் பாவிக்கோணும். அதுவரைக்கும் அந்தத் தண்ணியைக் கொப்பளிக்கவும் எடுக்காதேங்கோ. காண் தண்ணி இறைச்ச பம்பைத் தாங்கிக்குள்ள இறக்கிறதும் சரியில்லை, அதுக்கு வாளிதான், இல்லாட்டி நல்லாக் கழுவி எடுத்த வேற பம்ப்.

பம்ப் வேலை முடிஞ்ச உடன பெரிய பேசினில நல்ல தண்ணி வச்சு அஞ்சு நிமிசம் ஓட விடுங்கோ, சேறு உள்ளுக்குக் காய்ஞ்சா விசிறி இறுகிப்போடும். பிறகு பிளக்கைக் கழட்டி அடித் தட்டு ஸ்குரூவை எடுத்து, விசிறியில சுத்தின முடி, நூல் எல்லாம் இழுத்துவிட்டு, விசிறியைக் கையால ஒரு சுத்துச் சுத்திப் பாருங்கோ, லேசாச் சுத்தோணும். மழை இல்லாத மாசங்களிலயும் மாசத்துக்கு ஒருக்கா வாளித் தண்ணியில ஓட்டுங்கோ, கன பேரின்ர பம்ப் பழுதாகிறது ஓடி இல்லை, ஓடாமல் கிடந்துதான். வார்ப்பிரும்பு பம்புகள் கனக்கவில சீலுக்குப் பக்கத்தில எண்ணெய் அறை இருக்கும், வருசத்துக்கு ஒருக்கா அந்த எண்ணெயைப் பாக்கச் சொல்லுங்கோ, பால் மாதிரி வெள்ளையா வந்தா தண்ணி உள்ளுக்குப் போயிட்டுது, சீல் மாத்தோணும். அந்தச் சீல் கொழும்பிலயே கிடைக்குதோ எண்டு வாங்க முதலே கேளுங்கோ, கிடைக்காட்டி என்ன மலிவு எண்டாலும் விடுங்கோ.

வெல்லம்பிட்டி_நானா:

சும்மா வந்தவர் சொன்னதோட ஒன்னு சேருங்க, குழிக்குள்ள கைய விடும்போது கையுறையும் முழங்கால் பூட்சும் போடுங்க, எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணியாலதான் வாறது, கால்ல காயம் இருந்தா எறங்கவே வேணாம். தண்ணியில நின்ன பொறகு காய்ச்சல் வந்தா டாக்டர்ட்ட வெள்ளத்துல நின்ன கதைய மறக்காம சொல்லுங்க. குழிய பெருசாக்கினா மூடியும் போடுங்க தங்கச்சி, மிச்சம் நிக்கிற ரெண்டு இன்ச் தண்ணியில நுளம்பு முட்ட போட்டிருந்தா டெங்கு பாக்க வாற பி.எச்.ஐ. ஒங்கள விட மாட்டார்.

கீழ்வீட்டுக்காரி:

சரி நானா, கம்பி வலையோட மூடி ஒன்னு செய்ய சொல்றேன். நாளைக்கே மேசன் பாஸ வர சொல்லி இருக்கேன், முதல்ல குழியும் கேட் திட்டும், போர்ட் பாக்க எலக்ட்ரிக் பாஸ் ஒருத்தர், அப்புறம்தான் பம்ப். 2 இன்ச் சப்பை ஹோஸ் 60 அடி, கிளிப் ரெண்டு, 10 மீட்டர் வயர், சீல் கிடைக்குமான்னு கேக்கணும், எல்லாம் எழுதி எடுத்துட்டேன். அந்த ஸ்டெயின்லெஸ் கடைக்காரர் பக்கம் இனி போக மாட்டேன்.